சதுப்புநிலக் கரையில் காலை நடை: சிங்கப்பூரில் பறவை பார்க்கத் தொடங்குவோருக்கு

கடலோரச் சதுப்புநிலத்துப் பறவைகளைப் பார்க்க வேண்டும் என்று சிங்கப்பூரில் யாரிடமாவது சொன்னால், "அக்டோபர் வரைக்கும் பொறுங்கள், அப்போதுதான் வலசைப் பறவைகள் வந்து நிறைந்திருக்கும்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அதில் தவறு ஒன்றுமில்லை. சைபீரியாவிலும் வட ஆசியாவின் பிற பகுதிகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வரும் கரைப்பறவைகள் ஏறத்தாழ செப்டம்பர் முதல் மார்ச் வரை நம் கரைகளில் தங்குகின்றன. ஆனால் இதுவரை பைனாகுலரைக் கையில் எடுத்தே பார்க்காத ஒருவருக்கு நான் சொல்லும் யோசனை இதற்கு நேர்மாறானது. ஜூன், ஜூலையிலேயே தொடங்குங்கள். அந்த மாதங்களில் சேற்றுத்திட்டில் பத்து இனங்கள் கலந்து நிற்பதில்லை. இரண்டோ மூன்றோதான் நிற்கும். அந்த இரண்டு மூன்றையும் மூக்கு, கால், நடை, குரல் என்று முழுமையாகக் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கும். பிறகு செப்டம்பரில் கூட்டம் வந்து இறங்கும்போது, ஏற்கெனவே அறிந்த பறவைகளை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதியவற்றை மட்டும் பார்த்தால் போதும். கூட்டத்தின் நடுவில் தொடங்கிய பலர் இரண்டே நடைகளில் சோர்ந்து விட்டுவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

குளிர்நாடுகளில் கடலோரச் சதுப்பு என்றால் உப்புநீரைத் தாங்கும் புல்லும் பூண்டும் படர்ந்த வெளி. நம்மைப் போன்ற வெப்பமண்டலக் கரைகளில் அந்த இடத்தை அலையாத்தி மரங்கள் பிடித்துக்கொள்கின்றன. மரங்களுக்கு முன்னால், நீர் வற்றும்போது மட்டும் வெளிப்படும் சேற்றுவெளி இருக்கும். தமிழகக் கடலோரத்தில் உள்ள கோடியக்கரையின் பரந்த உப்பளச் சதுப்பைப் பார்த்துப் பழகியவருக்கு இங்குள்ள சேற்றுத்திட்டுகள் சிறியவையாகத் தோன்றலாம். ஆனால் அங்கே வரும் பவளக்காலி, பச்சைக்காலி என்னும் கரைப்பறவைகள் இங்கேயும் வருகின்றன.

எங்கே போவது

முதல் ஆறு நடைகளுக்கும் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த இடத்தின் பழக்கமும் கைவராது. என் தேர்வு சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம். தீவின் வடமேற்கில், ஜோகூர் நீரிணையின் கரையில் இருக்கும் இவ்விடம் ஒருகாலத்தில் இறால் பண்ணையாக இருந்தது. கடல்நீர் ஏறும்போது மதகைத் திறந்துவிட்டால் நீரோடு சேர்ந்து இறால் குஞ்சுகளும் குட்டைக்குள் வந்துவிடும். நீர் இறங்கும்போது மதகில் வலையைக் கட்டி இறாலைப் பிடிப்பார்கள். 1986இல் பறவை ஆர்வலர்கள் இங்கே வந்துபோகும் பறவைகளின் எண்ணிக்கையைக் கவனித்து, இதைக் காக்க வேண்டும் என்று அரசாங்கத்திடம் எடுத்துரைத்தார்கள். 1993இல் இது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் சட்டப் பாதுகாப்புள்ள இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2003இல் ஆசியான் மரபுடைமைப் பூங்காக்களில் ஒன்றாயிற்று. அந்தப் பழைய மதகுகள் இன்றும் வேலை செய்கின்றன. முன்பு இறாலுக்காகத் திறந்து மூடப்பட்டவை, இப்போது பறவைகள் நிற்கும் அளவுக்குக் குட்டைகளில் நீரைக் குறைத்து வைக்கத் திறந்து மூடப்படுகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பறவைகள் எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்பதற்கான விடை இதில்தான் இருக்கிறது.

காப்பகம் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து 925ஆம் எண் பேருந்தில் ஏறி, கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் பக்கம் இறங்கி நடக்கலாம். பாதைகளில் ஏதாவது ஒரு பகுதி பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருக்கக்கூடும் என்பதால், கிளம்புவதற்கு முந்திய நாள் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சக்கர நாற்காலியில் வருபவரோ, நீண்ட தூரம் நடக்க முடியாத பெற்றோரோ உடன் இருந்தால் பாசிர் ரிஸ் பூங்காவுக்குப் போங்கள். அங்கே அலையாத்திக் காட்டுக்குள் பலகைப் பாதை செல்கிறது; சாம்பல் நாரைகள் உயர்ந்த மரங்களில் கூடு கட்டிக் குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதைக் கழுத்தை நிமிர்த்தியே பார்க்கலாம். புலாவ் ஊபினின் செக் ஜாவா அழகான இடம்தான். ஆனால் சாங்கி முனையில் படகு நிரம்பக் காத்திருந்து, தீவில் இறங்கி, அதன் கிழக்கு முனைவரை போய்ச் சேர்வதற்குள் காலையின் நல்ல பகுதி கழிந்துவிடும். அதைப் பின்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்துக்கு முன் கடல்

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பதற்காக ஞாயிறன்று காலையில் வெறுமனே கிளம்பிவிடுவது. நானும் அப்படித்தான் போனேன். கடல் முற்றாக வற்றியிருந்த ஒரு காலையில், குட்டைகளைப் பார்த்து அமைந்த பெரிய பார்வைக் கூடத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, வெற்றுச் சேற்றையும் ஓர் உடும்பையும் மட்டும் பார்த்தேன். எழுந்து கிளம்பப் போனபோது, மூலையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "ஏன் தம்பி அவசரம்? தண்ணி ஏறட்டும், தானா வரும்" என்றார். அவர் சொன்னபடி மேலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். முதலில் மூன்று கொக்குகள் வந்தன, பிறகு ஆறு, பிறகு நீரிணைப் பக்கத்திலிருந்து தாழப் பறந்து வந்து வரிசையாக இறங்கிய பறவைகளை எண்ணி முடிக்க என்னால் முடியவில்லை.

நடந்தது இதுதான். கடல் வற்றியிருக்கும்போது வெளியே பரந்த சேற்றுவெளிகள் திறந்து கிடக்கின்றன. புழுவும் நண்டும் சிப்பியும் அங்கேதான் இருப்பதால், பறவைகள் அங்கே சிதறி மேய்கின்றன. சுங்கை பூலோவுக்குக் கிழக்கே உள்ள மண்டாய் சேற்றுவெளி அப்படிப்பட்ட மேய்ச்சல் நிலம். கடல் ஏறத் தொடங்கியதும் சேறு மூழ்கிவிடும். நிற்க இடமில்லாத பறவைகள், மதகுகளால் நீர்மட்டம் தாழ்த்திவைக்கப்பட்ட உட்குட்டைகளுக்கு ஓய்வெடுக்க வருகின்றன. ஆகையால் கரைப்பறவைகளை அருகில் பார்க்க விரும்புபவர், ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே குட்டைக் கரையில் இருக்க வேண்டும். கொக்குகளும் நாரைகளும் இரை பிடிப்பதைப் பார்க்க விரும்புபவருக்கோ, நீர் வற்றிய நேரத்தில் கடலோரப் பாதையும் ஆற்றுமுகமும்தான் ஏற்றவை.

நம் கரையில் நாளொன்றுக்குப் பொதுவாக இரண்டு ஏற்றங்களும் இரண்டு வற்றங்களும் உண்டு. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையில் ஏறத்தாழ ஆறு மணி நேரம். ஏற்ற நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். அதனால் இந்தச் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஏற்றம் உச்சத்தில் இருந்தால், அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் கடல் வற்றியிருக்கும். இரண்டு வாரம் கழித்து ஏறத்தாழ அதே நேரத்துக்கு ஏற்றம் திரும்பி வரும். வேலைக்குப் போகிறவர்கள் இந்த இருவாரக் கணக்கை வைத்தே ஆண்டு முழுவதுக்கும் நடைநாள்களைக் குறித்துக்கொள்ளலாம். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியும் இதற்கு உதவும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் கடல் மிக உயரமாக ஏறி, மிகத் தாழ்வாக வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு 3 மீட்டரை நெருங்கும். அந்த நாள்களில் பறவைகளின் இடமாற்றமும் தெளிவாகத் தெரியும். துல்லியமான நேரத்துக்கு ஏற்றவற்ற அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். கைப்பேசியில் இலவசமாகவே கிடைக்கிறது.

வானத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டின் நடுப்பகுதி நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். சுமத்ரா பக்கமிருந்து வரும் திடீர்க் காற்றுமழை பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள்தான் வீசும். ஓரிரு மணி நேரத்தில் அது ஓய்ந்துவிடும் என்றாலும், திறந்த கடலோரப் பாதையில் இடிமின்னலுக்கு நடுவில் நிற்பது ஆபத்து. மேற்கு வானம் கருத்தால் உடனே கூரையுள்ள இடத்துக்குத் திரும்பிவிடுங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புகைமூட்டம் வருவதும் உண்டு. காற்றின் தரம் கெட்டிருக்கும் நாளில் நடையைத் தள்ளிப்போடுவதில் இழப்பு ஒன்றுமில்லை.

கையில் என்ன இருக்க வேண்டும்

பைனாகுலர் ஒன்று கட்டாயம். கடையில் 8×42 என்றும் 10×42 என்றும் இரண்டு வகையைக் காட்டுவார்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது; இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். பெரிய எண்தான் நல்லது என்று நினைத்துப் பத்து மடங்கை வாங்கிவிடாதீர்கள். மடங்கு கூடக்கூடப் பார்வைப் பரப்பு சுருங்கும், கை நடுக்கமும் பெரிதாகும். பறவையைச் சட்டெனக் கண்டுபிடிக்க முடியாமல் போவதுதான் புதியவரின் முதல் இடர்ப்பாடு. அதற்கு எட்டு மடங்கே ஏற்றது.

வாங்கிய அன்றே வீட்டுச் சன்னலருகில் நின்று அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். வலப்பக்க வில்லையை மூடி, இடக்கண்ணால் எதிர் புளோக்கின் எண்ணைப் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்பி அது தெளிவாகத் தெரியும்படி செய்யுங்கள். பிறகு இடப்பக்க வில்லையை மூடி, வலக்கண்ணால் அதே எண்ணைப் பார்த்து, வலக் கண்குழலில் உள்ள சிறு வளையத்தை மட்டும் திருப்புங்கள். அதன்பின் அந்த வளையத்தைத் தொடவே வேண்டாம். இனி நடுச் சக்கரம் ஒன்றே போதும். கண்ணாடி அணிபவர்கள் கண்குழலின் விளிம்பைத் தாழ்த்தி வைத்துப் பார்க்க வேண்டும். இந்தச் சரிசெய்தலைச் செய்யாமல் மாதக்கணக்கில் மங்கலாகவே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நம் ஊர் ஈரப்பதத்தில் வில்லைக்குள் பூஞ்சை படரும் என்பதால், நடை முடிந்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பெட்டியில் வைக்க வேண்டும்.

பறவையைப் பைனாகுலருக்குள் கொண்டுவர ஒரு சிறு பழக்கம் வேண்டும். கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காதீர்கள். தலையை அசைக்காமல், பைனாகுலரை மட்டும் கண்ணுக்கும் பறவைக்கும் நடுவில் உயர்த்துங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துவிடும். வீட்டுக்குக் கீழே மேயும் மைனாக்களிடம் இதை நாலைந்து நாள் பழகிக்கொண்டால், சதுப்புநிலத்தில் கை தடுமாறாது.

மற்றபடி தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி, சட்டைப்பையில் அடங்கும் சிறு நோட்டு, ஒரு பென்சில் ஆகியவை போதும். மழை ஈரத்தில் பேனா மை கரையும். பென்சில் எழுத்து கரையாது. கேமரா முதல் ஆறு நடைகளுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கேமரா இருந்தால் கண் பறவையைப் பார்ப்பதில்லை, படத்தைப் பார்க்கிறது.

நடக்கும் முறை

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் 7 மணியையொட்டியே உதிக்கிறது. கதவு திறக்கும்போதே உள்ளே போனால் முதல் வெளிச்சத்திலிருந்து பார்க்கலாம். ஒன்பதரை மணிக்கு மேல் வெயில் ஏறி, சேற்றின் மேல் கானல் நெளியத் தொடங்கிவிடும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கருப்பாகத்தான் தெரியும்.

இருபது அடி நடந்து, இரண்டு நிமிடம் நில்லுங்கள். நிற்கும்போது கேளுங்கள். அலையாத்திக் காட்டில் பாதிப் பறவைகள் காது வழியாகவே முதலில் அறிமுகமாகின்றன. இலைகளுக்குள் இருந்து உடம்புக்குப் பொருந்தாத உரத்த குரலில் விடாமல் கூவுவது தையல்சிட்டாக இருக்கும். சுள்ளென்று கீச்சிட்டபடி பூவுக்குப் பூ தாவுவது தேன்சிட்டு. வாலை விசிறிபோல் விரித்து மடக்கிக் கொடிகளுக்கிடையில் ஆடிக்கொண்டிருக்கும் கருப்பு வெள்ளைப் பறவை விசிறிவால். குயிலையும் மாங்குயிலையும் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; நம் வீட்டுச் சன்னலோரத்தில் கேட்டுப் பழகிய குரல்கள்தாம் இவை.

முதலில் கற்க வேண்டிய ஐந்தாறு பறவைகள்

பெயரைத் தேடுவதற்கு முன் அளவைக் கணியுங்கள். மைனா, புறா, காகம் ஆகிய மூன்றும் சிங்கப்பூரில் எல்லோருக்கும் தெரிந்த அளவுகோல்கள். பார்த்த பறவை மைனாவைவிடச் சிறியதா, காகத்தளவா என்று முதலில் எழுதிவிடுங்கள். பிறகு அலகின் நீளமும் வளைவும். பிறகு காலின் நிறம். பிறகு அது என்ன செய்துகொண்டிருந்தது. இறகின் நிறம் கடைசியாகத்தான் வர வேண்டும். வெளிச்சத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப இறகு மாறித் தெரியும். அலகு அப்படி ஏமாற்றுவதில்லை.

சாம்பல் நாரையில் தொடங்குங்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் நிற்கும் அதைத் தவறவிட முடியாது. பறக்கும்போது கழுத்தை எஸ் வடிவில் மடக்கிக்கொள்ளும். இது நாரை, கொக்குக் குடும்பம் முழுவதற்கும் பொது அடையாளம். கழுத்தை நீட்டியபடியே பறக்கும் பெரிய பறவை கண்ணில் பட்டால் அது வேறு குடும்பம், பெரும்பாலும் பெயரில் மட்டும் நாரையான சங்குவளை நாரையோ அதன் கலப்பினமோ. சாம்பல் நாரையைவிட மெலிந்து, கழுத்தில் செம்பழுப்பும் கருங்கோடுகளும் கொண்டது செந்நாரை.

அடுத்தது வெள்ளைக் கொக்கு. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். சின்னக் கொக்குக்குக் கால் கருப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள், அலகு கருப்பு. பெரிய கொக்கு அதைவிட மிக உயரம், விரலும் கருப்பு, வாய்க்கோடு கண்ணுக்குப் பின்னாலும் நீளும். சின்னக் கொக்கு இரை பிடிப்பதை ஒருமுறை கூர்ந்து பார்த்தால் பிறகு மறக்காது. ஆழமில்லாத நீரில் ஒரு காலை முன்னே நீட்டி, அந்த மஞ்சள் விரல்களைச் சேற்றில் நடுங்கவிடும். கலங்கிய நீரிலிருந்து சிறு மீன் துள்ளும் கணத்தில் கழுத்து பாயும். பிறகு மறு காலை நீட்டும். ஒரு கொக்கைப் பத்து நிமிடம் தொடர்ந்து பார்த்து, எத்தனை முறை பாய்ந்தது, எத்தனை முறை பிடித்தது என்று எண்ணிப்பாருங்கள். பறவை பார்த்தலில் இதைவிட நல்ல முதல் பாடத்தை நான் அறியேன்.

மதகின் ஓரத்தில், நீருக்குச் சற்று மேலே, வேர் மீது கல்லைப்போல் குந்தியிருக்கும் காகத்தளவுப் பறவை சிறு பச்சைக் கொக்கு. கரும்பச்சை கலந்த சாம்பல் நிறம், கருந்தொப்பி, மஞ்சள் கால். பல சமயங்களில் அது அசையும் வரை அங்கே பறவை இருப்பதே தெரியாது.

ஆண்டு முழுவதும் இருக்கும் மீன்கொத்திகளில் மூன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். நீலப்பச்சை முதுகு, வெள்ளை வயிறு, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை கொண்டது வெண்கழுத்து மீன்கொத்தி. சதுப்புநிலத்தில் மிகுதியாகப் பார்ப்பதும், சிரிப்பைப் போன்ற உரத்த குரலை முதலில் கேட்பதும் இதனிடம்தான். பெயர் மீன்கொத்தி என்றாலும் நண்டு, பல்லி, பூச்சி எல்லாம் தின்னும். ஒரு காலை, பலகைப் பாதையின் கைப்பிடியில் அமர்ந்திருந்த ஒன்று, பிடித்து வந்த நண்டை இடப்பக்கம் ஓர் அடி, வலப்பக்கம் ஓர் அடி என்று மாற்றி மாற்றிக் கட்டையில் அறைந்தது. கால்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து கீழே சேற்றில் விழுந்தன. கடைசியில் ஓடு மட்டும் மிஞ்சியதும், தலையை உயர்த்தி அப்படியே விழுங்கிவிட்டு, அலகைக் கட்டையில் இருபுறமும் தேய்த்துத் துடைத்தது. நான் எட்டடித் தொலைவில் அசையாமல் நின்றதால்தான் அது அங்கேயே இருந்தது. தலையும் வயிறும் சாக்லெட் பழுப்பு, தொண்டை வெள்ளை, அலகு சிவப்பு என்றால் அது தமிழகத்தில் கிணற்றடியிலும் வயலோரத்திலும் பார்த்த அதே வெண்தொண்டை மீன்கொத்தி. மிகப் பெரிய சிவந்த அலகும் மங்கிய மஞ்சள் உடலும் கொண்டது பெருவலகு மீன்கொத்தி. அது கண்ணில் பட்டால் அன்றைய நடை நல்ல நடை.

அண்ணாந்து பார்க்கவும் மறக்காதீர்கள். வெள்ளைத் தலையும் செங்காவி உடலுமாக வட்டமிடுவது செம்பருந்து, நம் வீட்டுப் பெரியவர்கள் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே பறவை. அதைவிடப் பெரியதாக, அடிப்புறம் வெள்ளையும் சிறகின் பின்பாதி கருப்புமாக, சிறகுகளைச் சற்றே மேல்நோக்கி ஏந்தியபடி மிதப்பது வெண்வயிற்றுக் கடற்கழுகு. ஆண்டின் நடுவில் காற்றில் பாய்ந்து பூச்சி பிடிக்கும் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான்களும் இருக்கும். செப்டம்பர் வாக்கில் அவற்றின் இடத்தில் நீலவால் பஞ்சுருட்டான்கள் வலசை வரும்.

கரைப்பறவைகள் திரும்பும்போது

ஜூன், ஜூலையில் கரைப்பறவைகள் அடியோடு இல்லாமல் போவதில்லை. இனப்பெருக்க வயதை எட்டாத சில இளம் பறவைகள் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும். விம்பிரல் அப்படித் தங்கும் ஒன்று. காகத்தளவு உடல், தலையில் கருங்கோடுகள், கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு. பறக்கும்போது ஒரே சீராக ஏழெட்டு முறை விசிலடிக்கும். தமிழகப் பறவை நூல்களில் இக்குடும்பத்தைக் கோட்டான் என்று குறிப்பதுண்டு. ஆந்தையையும் அதே சொல்லால் அழைக்கிறோம் என்பதால் நான் விம்பிரல் என்றே எழுதுகிறேன்.

ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் முதல் பவளக்காலிகள் வந்து சேரும். மைனாவைவிடச் சற்றுப் பெரியது; கால் ஆரஞ்சு கலந்த சிவப்பு; பறந்தால் சிறகின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். எந்தக் கூட்டத்திலும் முதலில் அலறி எல்லோரையும் எழுப்பிவிடுவது இதுதான். பச்சைக்காலி இதைவிட உயரம், காலில் மங்கிய பச்சை, அலகு இலேசாக மேல்நோக்கி வளைந்தது, குரல் மூன்று தெளிவான சீழ்க்கை. ஓடி, சட்டென்று நின்று, குனிந்து கொத்தி, மறுபடி ஓடுவது உப்புக்கொத்தி. நடந்துகொண்டே தொடர்ந்து சேற்றைத் துளாவுவது உள்ளான் வகை. இந்த நடை வேறுபாடு ஒன்றே, பார்த்த பறவை எந்தக் குடும்பம் என்பதைத் தொலைவிலிருந்தே சொல்லிவிடும். ஆகஸ்டில் வரும் உப்புக்கொத்திகளில் சிலவற்றின் மார்பில் செங்கல் நிறம் இன்னும் மங்காமல் இருக்கும். வடக்கே குஞ்சு பொரித்த காலத்து இறகு அது. சில வாரங்களில் உதிர்ந்து சாம்பல் பழுப்பாகிவிடும்.

சில பறவைகளின் காலில் வண்ணச் சிறு கொடிகளும் வளையங்களும் இருக்கும். கிழக்காசிய ஆஸ்திரலேசிய வலசைப் பாதையில் உள்ள நாடுகள் ஒவ்வொன்றும் தமக்கென ஒரு நிற வரிசையை வைத்திருக்கின்றன. எந்தக் காலில், மேலே எந்த நிறம், கீழே எந்த நிறம், எழுத்து இருந்தால் என்ன எழுத்து என்று அங்கேயே குறித்துக்கொண்டு காப்பகத்தின் அலுவலர்களிடம் தெரிவியுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

வனவிலங்குச் சட்டத்தின்படி காட்டுயிர்களுக்கு உணவு கொடுப்பது குற்றம்; முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். காகத்துக்குச் சோறு வைத்துப் பழகிய நமக்கு இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் கையிலிருந்து தின்னப் பழகிய உயிர் மனிதரைத் துரத்தத் தொடங்கும், பிறகு இழப்பு அதற்குத்தான். கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கவும் கூடாது. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் கற்க உதவும். ஆனால் அதில் உள்ள பதிவை வெளியே ஒலிக்கவிட்டால், கூட்டில் இருக்கும் பறவை எதிரி வந்துவிட்டதென்று குஞ்சுகளை விட்டு வெளியேறும். வீட்டில் கேட்டுப் பழகுங்கள். களத்தில் காதைத் தீட்டுங்கள். கூட்டைக் கண்டால் நிற்காமல் கடந்து போய்விடுங்கள், அந்த இடத்தைச் சமூக ஊடகத்தில் எழுதாதீர்கள்.

சுங்கை பூலோவில் உவர்நீர் முதலைகள் உண்மையாகவே இருக்கின்றன. பாலத்திலிருந்தும் பாதையிலிருந்தும் பார்ப்பதில் அச்சமில்லை. ஆனால் நல்ல கோணம் கிடைக்கும் என்று நீர்விளிம்புக்கு ஒருபோதும் இறங்காதீர்கள். நீர்நாய்க் குடும்பம் பாதையில் குறுக்கிட்டால் அவை கடக்கும்வரை விலகி நில்லுங்கள், குட்டிகள் இருந்தால் இன்னும் தள்ளியே. பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர், பார்வைக் கூடத்தின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டக்கூடாது என்பதை வாசலிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். கூடத்தின் மரச்சுவர் நம்மை மறைக்கிறது, அதைத் தாண்டி நீளும் ஒரு கை கூட்டம் முழுவதையும் பறக்கவிட்டுவிடும்.

நோட்டில் எழுதுவது

ஒவ்வொரு நடைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே தேதி, வந்த நேரம், போன நேரம், ஏற்றம் உச்சம் தொட்ட நேரம், வானிலை. அதன் கீழே பார்த்த பறவையும் எண்ணிக்கையும். பெயர் தெரியாத பறவைக்குப் பெயர் வைக்க முயல வேண்டாம். "மைனாவைவிடச் சிறியது, வாலை விடாமல் மேலும் கீழும் ஆட்டியது, தோளருகே வெள்ளை ஆப்பு" என்று எழுதினால் போதும். அன்றிரவு வீட்டில் படநூலைத் திறந்து பார்க்கும்போது அது உள்ளான் என்பது தானாகவே வெளிப்படும். தமிழிலேயே எழுதுங்கள். பெயர் ஆங்கிலத்தில் மட்டும் தெரிந்தால் ஒலிபெயர்த்து எழுதிக்கொண்டு, தமிழ்ப் பெயர் கிடைக்கும்போது பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றும் தென்படாத நாளையும் எழுத வேண்டும். எந்த ஏற்ற நேரத்தில் குட்டை வெறிச்சோடிக் கிடந்தது என்பது அடுத்த நடையைத் திட்டமிட உதவும் தகவல். எண்ணிக்கையை, பறவை பார்ப்போரின் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்டு இணையத்தளத்தில் பதிந்தால் ஆய்வாளர்களுக்கும் பயன்படும்.

ஜூனில் தொடங்கி இரு வாரத்துக்கு ஒரு நடை என்று போனால், ஆகஸ்ட் நடுவில் ஆறாவது பக்கத்தை எழுதிக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பக்கத்தில், பவளக்காலி என்ற பெயருக்கு எதிரே முதன்முறையாக ஓர் எண் வரக்கூடும். அன்று ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், மூலை இருக்கையில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.